களத்தில் சொல்லாத எண்

சுருளிப்பட்டியில் நெல் அளக்க சீனிச்சாமியை விட்டால் வேறு கை கிடையாது. அவன் அப்பா அளந்தார், அப்பாவின் அப்பா அளந்தார், இப்போது இவன் அளக்கிறான். களத்தில் குவித்த பொலியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அவன் மரக்காலைச் சாய்த்தால், நெல் தானாக வந்து ஏறிக்கொள்வது போல இருக்கும். முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டும்போது 'லாபம்' என்று ராகம் போட்டு இழுப்பான். அடுத்தது 'ரெண்டு'. அதற்கடுத்தது 'மூணு'. ஒன்று என்ற சொல்லைக் களத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை. பாடுபட்டு விளைந்ததை ஒன்றே ஒன்று என்று எண்ணத் தொடங்க வெள்ளாமை செய்கிற எந்தச் சம்சாரிக்கு மனசு வரும்? லாபத்தில் தொடங்கினால்தான் வீட்டுக்குப் போய்ச் சேருவதும் லாபமாக இருக்கும். இதில் வாதம் செய்ய இடமே இல்லை.

இப்பேர்ப்பட்ட கைக்காரனுக்கு அல்ஜீப்ரா என்றால் மட்டும் கை உதறும். கம்பத்துக்கு நடந்து போய் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் அவன். தமிழில் தேறினான், சரித்திரத்தில் தேறினான், இங்கிலீஷில்கூடத் தட்டுத் தடுமாறிக் கரையேறினான். கணக்கில் கவிழ்ந்தான். நெல் அளக்கிறவன் வீட்டுப் பிள்ளை கணக்கில் கவிழ்ந்த செய்தி கேட்டு ஊர் வாய்விட்டுச் சிரித்தது. அதோடு புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு மரக்காலைக் கையில் எடுத்தான். அப்புறம் மாமன் மகள் பவுனைக் கட்டிக்கொண்டான். காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது; அளக்கிற கூலி மட்டும் வர வரப் போதவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷக் கடைசியில் ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பெரிய சம்சாரியான சுருளியாண்டி அதற்குத் தலைவர். சங்கத்துக்கு ஒரு குமாஸ்தா வேண்டும், அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவனாக இருக்க வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். சுருளியாண்டி சீனிச்சாமியைக் கூப்பிட்டு, அந்தக் கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதித் தேறிவிட்டால் நாற்காலி அவனுக்குத்தான், வைகாசி வரை வேறு ஆள் பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அதே வாரத்தில் மலையிலிருந்து பவுனின் அண்ணன் மலைச்சாமி இறங்கி வந்தான். வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவன் கணக்குப்பிள்ளை. தனக்கு ஒரு கையாள் வேண்டும், மாப்பிள்ளை வரட்டும் என்றான். அதற்குப் பரீட்சை கிரீட்சை எதுவும் வேண்டாம். ஆனால் புதிதாய் வருகிற ஆளுக்கு கூலியாட்கள் தங்கும் லயத்தில் ஒற்றை ஆட்களோடு ஒரு மூலைதான் கிடைக்கும், குடும்பம் கூட்டி வர முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை இறங்கி வரலாம். பரீட்சையில் தேறாவிட்டால் வைகாசியில் வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

சீனிச்சாமி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து போக வழி உண்டா என்று கேட்கலாமே என்று மெதுவாக இழுத்தான். பவுனு ஒரே போடாகப் போட்டாள்.

"மலைக்கு நான் வரமாட்டேன். அந்தக் குளிரும் அட்டையும் எனக்கு ஆகாது. போறதுன்னா நீங்க மட்டும் போங்க."

பவுனு இல்லாத ஊரில் சீனிச்சாமியால் ஒரு வேளைச் சோறு தின்ன முடியாது என்பது அவனுக்கே தெரியும். கம்பத்துச் சந்தைக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால் அவனுக்கு வழியெல்லாம் அவள் முகம்தான். வருஷத்துக்கு ஒருமுறை என்பது எந்த ஊர் நியாயம்? பரணில் ஏறினான். எலி கடித்தது போக மிச்சமிருந்த அல்ஜீப்ராவைத் தட்டி எடுத்தான்.

தை பிறந்ததும் படிப்பு தொடங்கியது. வாழைத் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வரும் நாட்களில், மடையைத் திறந்து விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போடுவான். மதியம் கம்பங்கூழோடு பவுனு வருவாள். அவள் மூன்றாம் வகுப்பு வரை போனவள், எண்களைப் படிக்கத் தெரியும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் விடைகளைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்வது அவள் வேலை. சரியான கணக்கை விட்டுவிடுவாள். தப்பான கணக்கின் விடைக்குப் பக்கத்தில் அடுப்புக் கரியால் ஒரு புள்ளி வைப்பாள்.

மற்றப் பாடங்கள் எப்படியோ வழிக்கு வந்துவிட்டன. ஃபாக்டர் பிரித்து ஈக்வேஷன் தீர்க்கிற பாடம் மட்டும் முரண்டு பிடித்தது. இத்தனைக்கும் அதன் சூட்சுமம் கொஞ்சம்தான். x² − 8x + 15 = 0 என்று ஒரு கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் பதினைந்தும் கூட்டினால் எட்டும் வருகிற இரண்டு எண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மூன்றும் ஐந்தும். உடனே அதை (x − 3)(x − 5) = 0 என்று இரண்டு அடைப்புகளாக உடைத்துவிடலாம். இரண்டைப் பெருக்கிச் சைபர் வருகிறது என்றால் அதில் ஏதோ ஒன்று சைபராக இருந்தே தீர வேண்டும். ஆகவே x என்பது மூன்று, இல்லாவிட்டால் ஐந்து. அவ்வளவுதான் சங்கதி.

சீனிச்சாமிக்கு இதெல்லாம் அத்துபடி. மூன்றும் ஐந்தும், நான்கும் ஒன்பதும், இரண்டும் பதினொன்றும் என்று மடமடவென்று போட்டுக்கொண்டே போவான். திடீரென்று ஒரு கணக்கில் மாடு படுத்துக்கொண்ட மாதிரி நின்றுவிடுவான். அன்றைக்கு நின்ற கணக்கு x² − 13x + 12 = 0. பன்னிரண்டை அவன் இரண்டால் வகுத்தான், ஆறு வந்தது. இரண்டும் ஆறும் எட்டு. மூன்றால் வகுத்தான், நான்கு வந்தது. மூன்றும் நான்கும் ஏழு. பதின்மூன்று எங்கிருந்து வரும்? தலைகீழாக நின்று பார்த்தான். வரவில்லை. கடைசியில் புத்தகம் அச்சடித்தவனைப் பிடித்துக்கொண்டான்.

அச்சுப்பிழை என்று அடித்துச் சொன்னான். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு தூக்கக் கலக்கத்தில் அச்சுக் கோக்கிறவர்கள், பன்னிரண்டுக்கு எட்டோ ஏழோ வந்தால்தான் சரியாகும் என்பதுகூடத் தெரியாமல் பதின்மூன்று போட்டிருக்கிறார்கள் என்று திட்டினான். முன்பு அவன் தோற்றுப்போன பரீட்சையிலும் இப்படித்தானாம். ஒரே ஈக்வேஷனோடு பாதி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, 'இந்தக் கணக்கு தவறு' என்று விடைத்தாளில் எழுதிவிட்டு வந்தானாம். கணக்கே தவறு என்று எழுதியவனுக்கு எவன் மார்க் போடுவான்? இதை இத்தனை வருஷம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தான்.

பவுனு கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு விடைப் பக்கங்களைப் புரட்டினாள். கரிப்புள்ளி வைத்த இடங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஏழும் ஒன்றும். பன்னிரண்டும் ஒன்றும். இருபதும் ஒன்றும். அவள் திரும்பவும் முதலிலிருந்து தொட்டுப் பார்த்தாள்.

"மச்சான், நீங்க விட்ட கணக்குல எல்லாம் ஒண்ணு இருக்கு."

சீனிச்சாமி எட்டிப் பார்த்தான். பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. பெருக்கினால் பன்னிரண்டு. பச்சைப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம்.

ஒன்று என்ற எண் தனக்கு ஏன் தட்டுப்படவில்லை என்று அவனுக்கு விளங்கவே இல்லை. பவுனு அவனை இன்னொரு கணக்கை வாய்விட்டுப் போடச் சொன்னாள். ஏழு என்ற எண்ணை எது எது வகுக்கும் என்று பார்க்கத் தொடங்கினான். உதடு தன் போக்கில் அசைந்தது: "லாபம், ரெண்டு, மூணு..." அவனும் கேட்டான், அவளும் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பவுனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பால்குடி மறந்த நாளிலிருந்து அப்பாவோடு களத்தில் உட்கார்ந்து எண்ணப் பழகியவன் அல்லவா? எண்ணத் தொடங்கினால் முதலில் வருவது லாபம். அது ஒரு வாழ்த்து, கும்பிடு போடுகிற மாதிரி. எண்ணிக்கை இரண்டில்தான் ஆரம்பிக்கிறது. இப்படியே பழகிய மனசு, வகுத்துப் பார்க்கும்போதும் லாபத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே இரண்டுக்குப் போயிருக்கிறது. பாவம், அச்சுக் கோத்தவன் தூங்கவே இல்லை.

தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் நாக்கு அத்தனை சுலபத்தில் திருந்துமா? பவுனு விடவில்லை. அன்று முதல் எதை எண்ணினாலும் ஒன்றிலிருந்து சத்தம் போட்டு எண்ண வேண்டும் என்று கட்டளை போட்டாள். களி உருண்டையை வட்டிலில் வைத்தால் 'ஒண்ணு' என்றால்தான் குழம்பு ஊற்றுவாள். கோழி அடைக்கும்போது ஒண்ணு, ஆடு பத்தும்போது ஒண்ணு, தோளில் துண்டு போட்டால்கூட ஒண்ணு. தெருவில் போகிறவர்கள் சீனிச்சாமிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவன் சட்டை செய்யவில்லை. ஒண்ணு ஒண்ணு என்று சொல்லச் சொல்ல, கரிப்புள்ளி வைத்த கணக்குகளெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அந்த இரண்டு மாதம்தான் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் என்று அவனுக்குத் தோன்றியது. மலை மட்டும் ஞாபகத்துக்கு வராமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தலை நிமிர்ந்தால் அது கண்ணெதிரே நின்றது.

பங்குனி முதல் வாரத்தில் உத்தமபாளையத்தில் பரீட்சை. கேள்வித்தாளில் இருந்த ஈக்வேஷன் கணக்கு இதுதான்: ஒரு துண்டு நிலத்தின் நீளம் அதன் அகலத்தைவிடப் பதினோரு கஜம் அதிகம். பரப்பு பன்னிரண்டு சதுர கஜம். அகலம் என்ன? சீனிச்சாமி அகலத்தை x என்று வைத்தான். x² + 11x − 12 = 0 என்று வந்தது. பெருக்கினால் பன்னிரண்டு வர வேண்டும், ஆனால் மைனஸ். கூட்டினால் பதினொன்று. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை அடக்கி, "ஒண்ணு" என்றான். சத்தம் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்றவர் திரும்பி முறைத்தார்.

(x + 12)(x − 1) = 0. அகலம் மைனஸ் பன்னிரண்டு, அல்லது ஒன்று. மைனஸ் பன்னிரண்டு கஜ அகலத்தில் நிலம் எங்கேயும் கிடையாது, அதை அடித்தான். ஒரு கஜ அகலத்தில் பன்னிரண்டு கஜ நீளமா? பேனா நின்றது. அப்படி ஒரு நிலத்தில் எவன் என்ன விதைப்பான்? பழைய சந்தேகம் தலை தூக்கியது. கணக்கு தவறோ? அப்புறம் தானே சிரித்துக்கொண்டான். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது தன் பங்கோடு வந்த வாய்க்கால் கரை அதைவிட ஒடுக்கம், அதில்கூட அவன் அகத்தி போட்டிருக்கிறான். 'அகலம் ஒரு கஜம்' என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.

வீட்டுக்கு வந்து பவுனிடம் சொன்னபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுதியாகிவிட்டது, இனி வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள். சீனிச்சாமிக்கு அது கொஞ்சம் உறுத்தியது. பிரிவு தனக்கு மட்டும்தான் வலிக்குமா?

வினை பங்குனிக் கடைசியில் வந்தது. சுருளியாண்டியின் களத்தில் அறுப்பு. ஊரின் மிகப் பெரிய பொலி அது. பக்கத்துச் சம்சாரிகள், கூலியாட்கள், பெண்டுகள் என்று களம் நிறைந்திருந்தது. சூடம் கொளுத்தி, பொலியைக் கும்பிட்டு, சீனிச்சாமி மரக்காலைச் சாய்த்து எடுத்து, கணீரென்று குரல் கொடுத்தான்:

"ஒண்ணு."

சாக்குப் பிடித்துக்கொண்டிருந்தவன் சாக்கை விட்டுவிட்டான். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுருளியாண்டியின் முகம் கறுத்துச் சிவந்தது. வருஷம் பூராவும் பாடுபட்ட விளைச்சலின் தலையில் அபசகுனமாக ஒரு ஒண்ணு. சீனிச்சாமிக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பாஸானாலும் இனி சங்கத்தில் நாற்காலி கிடையாது, மலைதான் என்று அவன் மனசு சொல்லிவிட்டது.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று சுருளியாண்டி கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது? தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினான். வாழைத்தோட்டம், கரிப்புள்ளி, அச்சுப்பிழை, பவுனு போட்ட களி உருண்டைச் சட்டம் எல்லாவற்றையும். பாதியிலேயே கூலிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுருளியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மீசையை நீவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே சீனி, நெல்லைத் திரும்பப் பொலியில கொட்டு. முதல்ல இருந்து அள. சங்கத்துல வந்து உக்காந்தா ஒண்ணை ஒண்ணுன்னுதான் எழுதணும், இல்லாட்டி சர்க்கார் என்னைய உள்ள வச்சிரும். ஆனா களத்துல இன்னொருக்கா அந்தப் பேச்சு வந்துச்சு, கையை ஒடிச்சிருவேன்."

சீனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நெல்லைக் கொட்டினான். புதுச் சூடம் ஏற்றினார்கள். 'லாபம்' என்று அவன் இழுத்த இழுப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டதாகச் சொல்வார்கள்.

வைகாசியில் பேப்பரில் நம்பர் வந்தது. கம்பத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கடைக்காரரிடம் கெஞ்சிப் பேப்பரை வாங்கி, தன் நம்பரைக் கண்டுபிடித்து, சந்தேகத்துக்குக் கடைக்காரரையும் படிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்ற மாட்டுத் தரகரையும் படிக்கச் சொன்னான். மூன்று பேருக்கும் அதே நம்பர்தான் தெரிந்தது. சுருளிப்பட்டி வரை நடந்தானா ஓடினானா என்று அவனுக்கே நினைவில்லை. பவுனு விஷயத்தைக் கேட்டதும் அடைகோழியை விட்டுவிட்டு நல்ல சேவலாகப் பார்த்துப் பிடித்தாள்.

அன்று மாலையே மலைச்சாமி வந்து இறங்கினான். பேசி வைத்தபடி மாப்பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போக வந்தவன். பாஸான செய்தியைக் கேட்டு முதுகில் தட்டிக்கொடுத்தான். ஆனால் முகம் மலரவில்லை. என்ன மச்சான், சந்தோஷமில்லையா என்று சீனிச்சாமி கேட்டான்.

"சந்தோஷந்தான் மாப்ளே. ஆனா தொரைகிட்ட மல்லுக்கட்டி ஒரு தனி வீடு வாங்கி வச்சிருக்கேனே, அதுக்கு இப்ப நான் என்ன சொல்ல? ரெண்டு அறை, தனியா அடுப்படி. ரெண்டு பேருமா வாரோம், வீடு இல்லாட்டி நடக்காதுன்னு பவுனு மாசியிலயே ஆள் விட்டுச் சொல்லிருச்சே."

மாசி என்றால் பரீட்சைக்கு முன்னால். வாழைத்தோட்டத்தில் ஒண்ணு ஒண்ணு என்று சீனிச்சாமி தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்த மாசி. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனான். பவுனு சேவல் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மலைக்கு வரமாட்டேன்னு அன்னைக்கு ஒரே போடாப் போட்டியே பவுனு?"

"போட்டேன்."

"அப்புறம் அண்ணன்கிட்ட வீடு கேட்டிருக்க."

"கேட்டேன்." அவள் திரும்பவில்லை. "நீங்க தேறினா இங்கன இருப்போம். தேறாட்டி அங்கன இருப்போம். எங்கன இருந்தாலும் உங்க கூடத்தான் நான் இருப்பேன். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நீங்க பரணுக்கு ஏறியிருப்பீகளா மச்சான்?"

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாதக்கணக்காகத் தலை நிமிர்ந்து அந்த மலையைப் பார்க்கப் பயந்தவன். கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டான். பவுனு ஒரு கரண்டிக் குழம்பை அவன் உள்ளங்கையில் ஊற்றி, உப்பு சரியாக இருக்கிறதா பார்க்கச் சொன்னாள்.